பாதி தீர்ந்த மேகசினை எங்கே வைப்பது?

1888-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட லீ-மெட்ஃபோர்டு ரைபிளில் மேகசின் ஒரு சிறிய சங்கிலிக் கண்ணியால் துப்பாக்கியோடு பிணைக்கப்பட்டிருந்தது. கழன்றாலும் தொலையக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. பின்னால் வந்த .303 லீ-என்ஃபீல்டிலும் மேகசின் துப்பாக்கியை விட்டுப் போகாது. ஐந்து ஐந்தாகக் கோத்த சார்ஜர் கிளிப்பை மேலே வைத்துப் பெருவிரலால் அழுத்தினால் ரவுண்டுகள் உள்ளே இறங்கும். பத்தில் ஐந்து சுட்டால் ஐந்தை இட்டு நிரப்பிக்கொள்ளலாம். இந்தியக் காவலர்களின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கியது இந்தத் துப்பாக்கிதான். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 ஜனவரியில்தான் அதற்கு விடைகொடுத்தது. அதில் பயிற்சி பெற்றவருக்கு இந்த அத்தியாயம் பேசும் சிக்கல் வந்திருக்கவே வாய்ப்பில்லை. அவர் கையில் இருந்தது ஒரே மேகசின், அதுவும் துப்பாக்கியின் ஓர் உறுப்பு.

இன்று ஒரு வீரர் ஏழு மேகசின்களோடு நடக்கிறார். அமெரிக்கத் தரைப்படையின் வழக்கமான கணக்கு 210 ரவுண்டுகள்: துப்பாக்கியில் ஒன்று, உடலில் ஆறு, ஒவ்வொன்றிலும் 30. சுடத் தொடங்கிச் சில நிமிடங்களில் இந்த ஏழும் மூன்று வகையாகப் பிரிந்துவிடும். சில முழுதாக இருக்கும், சில காலியாகியிருக்கும், ஒன்றிரண்டில் பாதியோ கால்வாசியோ மீந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். இருட்டிலோ பதற்றத்திலோ கையால் தொட்டு இவற்றை வேறுபடுத்த வேண்டும். மேகசின் மாற்றும் வேகத்தைப் பற்றிப் பயிற்சிக் களங்களில் நிறையப் பேசுகிறோம். மாற்றிய பிறகு கையில் மிஞ்சுவதை என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. அந்தக் குறையைத் தீர்ப்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

முதலில் இரண்டு சூழ்நிலைகளைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி காலியாகிவிட்டது, எதிரே ஆபத்து இருக்கிறது என்றால் அது அவசர மாற்றம். அங்கே பழைய மேகசினுக்கு எந்த மதிப்பும் இல்லை. கீழே விழட்டும். குனிந்து எடுக்காதீர்கள், பார்க்கக்கூட வேண்டாம். புதியது ஏறி, போல்ட் முன்னே போய், துப்பாக்கி மறுபடி சுடத் தயாராவது ஒன்றே வேலை. இரண்டாவது சூழ்நிலையில் சுடுவது சற்று ஓய்ந்திருக்கிறது, நீங்கள் மறைவில் இருக்கிறீர்கள், துப்பாக்கியில் எத்தனை மீதி என்று உறுதியாகத் தெரியவில்லை, அடுத்து நகரப் போகிறீர்கள். இப்போது முழு மேகசினை ஏற்றிக்கொண்டு பழையதைப் பத்திரப்படுத்துவதே டாக்டிகல் ரீலோட். ஐபிஎஸ்சி போன்ற விளையாட்டுப் போட்டிகளில் பாதி மேகசினையும் தரையில் விட்டுவிட்டு ஓடுவார்கள். சுற்று முடிந்ததும் நிதானமாக வந்து பொறுக்கிக்கொள்ளலாம், அதனால் அங்கே அது சரி. களத்தில் விட்ட இடத்துக்குத் திரும்பி வருவோம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. போட்டியில் பழகிய கை களத்திலும் அதையே செய்யும் என்பதால், இரண்டிலும் ஈடுபடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தனியாகப் பயில வேண்டும்.

காலி மேகசினை ஏன் சுமக்க வேண்டும்?

எடையைப் பார்த்துவிடலாம். ஒரு 5.56 ரவுண்டின் எடை சுமார் 12 கிராம். அலுமினிய மேகசின் காலியாக 115 கிராம் அளவு. முப்பது ரவுண்டு நிரப்பினால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறையும். ஆக, ஏழு மேகசின்களும் நிறைந்திருக்கும்போது சுமார் மூன்றரைக் கிலோ. ஏழும் காலியானால் ஒரு கிலோகூட இல்லை. ஏகே வகையின் பழைய இரும்பு மேகசின் காலியாகவே முந்நூறு கிராமைத் தாண்டும். அதன் 7.62×39 ரவுண்டுகளையும் சேர்த்தால் ஒன்று எண்ணூறு கிராமுக்கு மேல் போகும். ஆனாலும் சுமையில் பெரும்பங்கு ரவுண்டுதான். காலியானதைத் தூக்கி எறிவதால் உடல் பெரிதாக இலகுவாவதில்லை.

எறிந்தால் இழப்பதோ பெரிது. களத்துக்கு வந்து சேரும் மறுவிநியோகம் பெரும்பாலும் நிரப்பிய மேகசின்களாக வருவதில்லை. 5.56 ரவுண்டுகள் பத்துப் பத்தாகக் கிளிப்பில் கோத்து, கிளிப்புகளைத் துணிப் பட்டையில் செருகி, பட்டைகளை இரும்புப் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். ஒரு பட்டையில் 120 ரவுண்டு, ஒரு பெட்டியில் 840. பெட்டி வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் ஆறு மேகசின்களை வழியெங்கும் விட்டுவிட்டு ஒன்றோடு நிற்கிறார் ஒருவர். அவருக்கு அந்த 840 ரவுண்டும் மெதுவாகத்தான் உதவும். ஒரே மேகசினை நிரப்பிச் சுட்டு, மறுபடி நிரப்பிச் சுட வேண்டும். கடைசி மேகசினும் வளைந்துபோனால் தானியங்கித் துப்பாக்கி ஒற்றை ரவுண்டுத் துப்பாக்கியாகிவிடும். எம்-16 வரிசையின் மெல்லிய அலுமினிய மேகசின் பயன்படுத்தி எறிவதற்கென்றே உருவானது என்று பரவலாகச் சொல்வார்கள். அது எப்படி உருவானதாக இருந்தாலும், எறிவதற்கு ஏற்ற அளவில் அது உங்கள் பிரிவுக்கு வந்துசேராது என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு. நம் படைகளில் மேகசின் கணக்கில் உள்ள பொருள். திரும்பி வந்து ஆயுதக் கிடங்கில் எண்ணிக் கொடுக்க வேண்டும். ஆனால் நான் கணக்கேட்டுக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. மேகசின் இல்லாத ரவுண்டு வெறும் சுமை என்பதால் சொல்கிறேன்.

ஆகவே விதி இப்படி அமைகிறது. உயிர் ஆபத்து இருக்கும் நொடியில் காலி மேகசின் விழட்டும். அந்த நொடி கடந்து, இடத்தைவிட்டு நகரும் முன் வாய்ப்புக் கிடைத்தால், விழுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒரு மேகசினுக்காகத் திறந்த வெளிக்குத் திரும்பிப் போவதை எந்தப் பயிற்சியாளரும் ஏற்கக் கூடாது. பாதி மேகசினுக்கு வேறு விதி. அதை மாற்றுவதென்று முடிவெடுப்பதே நேரம் இருக்கிறது என்று கணித்த பிறகுதான். எனவே அது தரையில் விழுவதற்கு நியாயமான காரணம் மிக அரிது. பாதி மேகசினைத் தரையில் விடும் அளவுக்கு அவசரம் இருந்தால், அப்போது அதை மாற்றியிருக்கவே கூடாது. அதிலிருந்தே சுட்டிருக்க வேண்டும்.

கையில் எப்படி மாற்றுவது

இதற்கு இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில் புதிய மேகசினைப் பவுச்சிலிருந்து எடுத்துத் துப்பாக்கிவரை கொண்டுபோய், அதே கையால் பழையதைக் கழற்றி, புதியதைச் செருகி, பிறகு பழையதை வைப்பீர்கள். துப்பாக்கி மேகசின் இல்லாமல் இருக்கும் நேரம் இதில் மிகக் குறைவு. சிக்கல் என்னவென்றால் ஒரே உள்ளங்கையில் இரண்டு மேகசின்கள். கைத்துப்பாக்கியின் சிறிய மேகசினுக்கு இது இயல்பாக வரும். முப்பது ரவுண்டு ரைபிள் மேகசின் நீளமும் வளைவும் கனமும் உள்ளது. கை சிறியவர்களுக்கும், கையுறை போட்டவர்களுக்கும், வியர்வையிலும் மழையிலும் ஒன்று நழுவிவிடும். நழுவுவது பெரும்பாலும் புதியதுதான், ஏனென்றால் விரல்கள் பழையதைப் பிடிக்கும் முயற்சியில் இருக்கும்.

இரண்டாவது முறையில் பழையதை முதலில் கழற்றி வைத்துவிட்டு, பிறகு புதியதை எடுத்துச் செருகுவீர்கள். ஓரிரு நொடி கூடுதலாகும். அந்த நேரம் முழுக்கத் துப்பாக்கியில் சேம்பரில் உள்ள ஒரு ரவுண்டு மட்டுமே இருக்கும். ஆனால் கையில் எப்போதும் ஒரே பொருள். என் கருத்தில் ரைபிளுக்கு இந்த இரண்டாவது முறையையே முதலில் கற்பிக்க வேண்டும். மறைவில் இருக்கும்போதுதான் இதைச் செய்கிறோம், துணைவர் காவல் காக்கிறார். ஓரிரு நொடியை மிச்சப்படுத்த நினைத்து, விழுந்த மேகசினைத் தேடிப் பத்து நொடி தவழ்வது நல்ல பேரம் அல்ல. கை நன்றாகப் பழகிய பிறகு முதல் முறைக்குப் போக விரும்புகிறவர்கள் போகட்டும். அதற்கு இரண்டு மேகசின்களையும் எல் எழுத்து வடிவில், ஒன்றின் குறுக்கே மற்றொன்றாகப் பிடித்தால் பிடி உறுதிப்படும்.

எம்-4, எஸ்ஐஜி 716 போன்றவற்றில் மேகசின் நேராக மேலே ஏறும், பொத்தானை அழுத்தினால் நேராகக் கீழே இறங்கும். ஏகே வகையில் முன் விளிம்பை மாட்டிப் பின்பக்கத்தை ஆட்டி ஏற்ற வேண்டும். அது தானாக விழாது, கையால் சுழற்றியே எடுக்க வேண்டும். இதனால் ஏகே வைத்திருப்பவரின் கையில் பழைய மேகசின் எப்படியும் வந்துவிடுகிறது. டாக்டிகல் ரீலோடைப் பொறுத்தவரை இது ஒரு நன்மை என்றே சொல்வேன். சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போகும் நம் பிள்ளைகள் கையில் இருக்கும் எஸ்ஏஆர் 21-இல் மேகசின் பிடிக்குப் பின்னால், கிட்டத்தட்ட அக்குளுக்கு அருகில் இருக்கிறது. துப்பாக்கியைச் சற்றுச் சாய்த்து, முழங்கையை விலக்கினால்தான் கைக்கு இடம் கிடைக்கும். மற்ற துப்பாக்கிகளுக்கான படங்களைப் பார்த்து இதைப் பழகாதீர்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. அவசர மாற்றத்தில் போல்ட் பின்னால் நிற்கும்போது மேகசின் எளிதில் ஏறிவிடும். டாக்டிகல் ரீலோடில் போல்ட் மூடியிருக்கும். முப்பதும் நிரம்பிய மேகசினின் மேல் ரவுண்டு போல்ட்டின் அடிப்பக்கத்தில் முட்டும். ஸ்பிரிங்குக்கு இறங்க இடமில்லாததால் மேகசின் முழுதாக ஏறாமல் பாதியில் நிற்கும், ஏறியது போலவும் தோன்றும். முதல் ரவுண்டு சுட்டதும் அடுத்தது ஏறாது, அல்லது மேகசினே கீழே விழும். இதனால்தான் முப்பதுக்கு 28-ம், வியட்நாம் காலத்து இருபது ரவுண்டு மேகசினில் 18-ம் நிரப்பும் பழக்கம் வந்தது. உங்கள் மேகசினைப் போல்ட் மூடிய நிலையில் ஏற்றிப் பாருங்கள். கஷ்டப்பட்டால் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். எப்படி நிரப்பினாலும், உள்ளங்கையால் உறுதியாகத் தள்ளிவிட்டு, பிறகு கீழே இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது அசையாவிட்டால் ஏறிவிட்டது என்று அர்த்தம். கீழிருந்து அறைவது மட்டும் சோதனை ஆகாது.

வைக்கும் இடம்

இனி முக்கியமான கேள்வி. கழற்றிய பாதி மேகசின் எங்கே போக வேண்டும்?

எங்கே போகக் கூடாது என்பதிலிருந்து தொடங்குவோம். முழு மேகசின் இருந்த அதே பவுச்சுக்கு, அதே நிலையில் அது போகக் கூடாது. புதியதை எடுத்த இடம் காலியாக இருக்கிறது, கை அங்கேதான் இருக்கிறது, எனவே பழையதை அங்கேயே செருகத் தோன்றும். பத்து நிமிடம் கழித்து அவசர மாற்றம் வரும்போது கை பழகிய வழியில் முதல் பவுச்சுக்கே போகும். முழு மேகசின் என்று நம்பி ஏற்றுவீர்கள், ஆறு ரவுண்டில் துப்பாக்கி ஓய்ந்துவிடும். பாதி மேகசின் தரும் பெரிய ஆபத்து இதுதான். அது தொலைந்துபோனால்கூட இவ்வளவு கெடுதி இல்லை.

எனவே உடலில் ஒரு ஒழுங்கு வேண்டும். முழு மேகசின்கள் முன்னால், கை முதலில் தொடும் இடத்தில். அவை எப்போதும் ஒரே நிலையில் இருக்கட்டும்: வாய் கீழ்நோக்கி, குண்டு முனைகள் எல்லாம் ஒரே திசையில். கை எடுக்கும்போதே செருகும் நிலையில் வந்துவிடும், வாயில் மண்ணும் மழைநீரும் புகாது. எடுக்க எடுக்க மிச்சமுள்ள முழு மேகசின்களை, ஓய்வு கிடைக்கும்போது, முன்பக்கப் பவுச்சுகளுக்கு நகர்த்திக்கொண்டே இருங்கள். கை தேடிப் போகக் கூடாது.

பாதி மேகசின் பின்பக்கத்தில், கடைசிப் பவுச்சுக்குப் போகட்டும். அங்கே அதைத் தலைகீழாக, வாய் மேல்நோக்கி வையுங்கள். பவுச்சுக்குள் கை போனதும் அடித்தட்டுக்குப் பதிலாக ரவுண்டு விரலில் தட்டுப்படும். இது முழுதல்ல என்று மூளை யோசிக்கும் முன் விரல் சொல்லிவிடும். காலி மேகசினையும் அதே போல வைத்தால், ரவுண்டுக்குப் பதிலாக, ரவுண்டுகளை மேலே தள்ளும் ஃபாலோவரின் தட்டை விரல் உணரும். பாதிக்கும் காலிக்குமான வேறுபாடு இருட்டிலும் தெரிந்துவிடும். வாய் மேல்நோக்கி இருப்பதால் தூசி புகும் என்பது உண்மையான குறை. அந்த மேகசின் நெடுநேரம் அப்படியே இருக்கப் போவதில்லை. முதல் ஓய்வில் நிரப்பப்படும். எனவே அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளலாம். மணல் வெளியிலும் சேற்றிலும் மட்டும் மூடியுள்ள பவுச்சைப் பயன்படுத்துங்கள்.

பின் பவுச் இல்லையென்றால் கால்சட்டையின் இடது தொடைப் பை பொருத்தமான இடம். அதில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவியோ, பிஸ்கட் பாக்கெட்டோ, கயிறோ எதுவானாலும் வாய் விளிம்புக்குள் சிக்கும். பழைய காலத்தில் சட்டையின் முன்பொத்தானைத் திறந்து உள்ளே போட்டுக்கொள்வார்கள். இன்றைய கவச உடை மேலே இருக்கும்போது அதற்கு வழியில்லை.

டம்ப் பவுச் பற்றி என் கருத்து மற்றவர்களிடமிருந்து சற்று மாறுபடும். இடுப்பின் இடப்பக்கம் பின்னால் தொங்கும் அகன்ற வாய்ப் பை அது. பயன்படுத்தாதபோது சுருட்டி வைக்கலாம். கையில் இருப்பதைப் பார்க்காமல் போட்டுவிடலாம் என்பதே அதன் பெருமை. காலி மேகசினுக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. பாதி மேகசினை அதில் போடுவதை நான் பரிந்துரைக்கவில்லை. நாலைந்து காலி மேகசின்களோடு சேர்ந்து அது உருளும். ஓடும்போது ஒன்றோடொன்று மோதி வாய் விளிம்புகள் வளையும், மேல் ரவுண்டு நழுவி வெளியே வரும். தவழ்ந்தால் பை புரண்டு எல்லாம் சிந்தும். எல்லாவற்றையும்விட, தேவைப்படும்போது அந்தப் பாதி மேகசினைக் காலிகளுக்கு நடுவே துழாவ வேண்டியிருக்கும். துழாவும் கை சண்டையில் பயனற்றது. டம்ப் பவுச் தவிர வேறு வழியே இல்லை என்றால், வாயை இழுத்துக் கட்டும் கயிறு உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள், படுக்கும் முன் அதை இழுத்துவிடுங்கள்.

முழு, பாதி, காலி தவிர நான்காவது வகை ஒன்றும் இருக்கிறது: கெட்டுப்போன மேகசின். துப்பாக்கி சிக்குவதற்குப் பல நேரங்களில் மேகசினே காரணம். வாய் விளிம்பு விரிந்திருக்கலாம், ஃபாலோவர் சாய்ந்து நிற்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அமெரிக்க ராணுவம் தன் மேகசினின் ஃபாலோவரை 2009-இல் சாயாத வடிவில் மாற்றியதே இதற்காகத்தான். கார்கில் போரின் குளிரில் இன்சாஸ் மேகசின்கள் விரிசல் விட்டதாகப் புகார்கள் எழுந்ததும் நினைவிருக்கும். சண்டையில் சிக்கலைத் தந்த மேகசினைப் பாதி மேகசின் என்று நினைத்துப் பின் பவுச்சில் பத்திரப்படுத்தினால், அது அடுத்த முறை மிக மோசமான நேரத்தில் திரும்பி வரும். அதை டம்ப் பவுச்சில் போடுங்கள், அல்லது எறிந்துவிடுங்கள். எல்லா மேகசின்களிலும் அடித்தட்டில் எண் எழுதி வையுங்கள். நான்காம் எண் இரண்டு முறை சிக்கியது என்று தெரிந்தால், முகாம் திரும்பியதும் ஆயுதப் பழுதுபார்ப்பாளரிடம் கொடுத்துவிடலாம். எண் இல்லாவிட்டால் கெட்டது எது என்றே தெரியாமல் நல்லவற்றோடு கலந்துவிடும்.

எப்போது மாற்றுவது

சுட்ட ரவுண்டுகளை எண்ணிக்கொண்டே இருக்க முடியும் என்று நம்பாதீர்கள். அமைதியான பயிற்சிக் களத்தில் எண்ணலாம். சண்டையில் எவரும் எண்ணுவதில்லை. இன்சாஸிலும் எஸ்ஏஆர் 21-இலும் ஒளி ஊடுருவும் மேகசின் இருப்பது இதற்காகவே. ஒரு பார்வையில் மீதி தெரியும். பகலில் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேகசினின் அடியில் இரண்டு மூன்று டிரேசர் ரவுண்டுகளை முதலில் இட்டு நிரப்பி, அவை ஒளிர்ந்து பறக்கும்போது தீரப் போகிறது என்று தெரிந்துகொள்ளும் பழைய முறை ஒன்றும் உண்டு. அந்த ஒளி எதிரிக்கும் உங்கள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

எண்ணிக்கைக்குப் பதிலாக நிகழ்ச்சியை வைத்து முடிவெடுங்கள். ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்கு ஓடும் முன், ஒரு கட்டடத்துக்குள் நுழையும் முன், திருப்பத்தைக் கடக்கும் முன், சுடுவது ஓய்ந்து எதிரி பின்வாங்கியதுபோல் தோன்றும்போது: சுட்டிருந்தால் மாற்றுங்கள். இரண்டே ரவுண்டு சுட்டிருந்தால் தேவையில்லை. நிறையச் சுட்டதாகத் தோன்றினால் போதும், கணக்குப் பார்க்க வேண்டாம். 20 ரவுண்டு மேகசின் கொண்ட எஸ்ஐஜி 716 போன்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதை இன்னும் அடிக்கடிச் செய்ய வேண்டியிருக்கும்.

தனியாக முடிவெடுத்து மௌனமாக மாற்றக் கூடாது. துணைவரிடம் உரக்கச் சொல்லுங்கள், அவர் பதில் சொன்ன பிறகு கையை எடுங்கள். எந்த மொழியில் சொல்வது என்பதை உங்கள் பிரிவு முடிவு செய்திருக்கும். சொல் சிறியதாக, வேறெதோடும் குழம்பாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருவரும் ஒரே நேரத்தில் மாற்றினால் அந்த நான்கைந்து நொடிகளில் அந்தப் பக்கத்தில் துப்பாக்கியே இல்லை என்றாகிவிடும். மாற்றும்போது துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே மேலே வைத்துக்கொண்டால், மேகசின் வாயும் எதிர்ப்பக்கமும் ஒரே பார்வைக்குள் அடங்கும். தலையைக் குனிந்து இடுப்பைப் பார்த்துக்கொண்டு மாற்றுகிறவருக்கு எதிரே நடப்பது தெரியாது.

சண்டை ஓய்ந்து இடத்தைப் பிடித்த பிறகு பிரிவு தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும் நேரம் வரும். அப்போதுதான் பாதி மேகசின்களுக்கு முடிவு கட்ட வேண்டும். பாதியினர் காவல் காக்க, மற்றவர்கள் பின் பவுச்சைத் திறந்து பாதிகளைச் சேர்க்கட்டும். பதினைந்து ரவுண்டு உள்ள இரண்டு பாதிகளைவிட முப்பது உள்ள ஒன்றும் ஒரு காலியும் மேல். குறைவாக உள்ளதிலிருந்து பெருவிரலால் ரவுண்டுகளைத் தள்ளித் தொப்பியிலோ துணியிலோ கொட்டி, கூடுதலாக உள்ளதில் நிரப்புங்கள். மண்ணில் விழுந்த ரவுண்டைத் துடைக்காமல் இடாதீர்கள். பெட்டி வந்துவிட்டால் கிளிப்பையும் அதற்கான வழிகாட்டியையும் வைத்துச் சில நொடிகளில் பத்துப் பத்தாக இறக்கிவிடலாம். அந்த வழிகாட்டி உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு தகடு. ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கட்டும், அது தொலைந்தால் எல்லா ரவுண்டையும் பெருவிரலே தள்ள வேண்டிவரும். நிரப்பியவை முன் பவுச்சுக்கு, வாய் கீழ்நோக்கி. எத்தனை முழு மேகசின் இருக்கிறது என்று பிரிவுத் தலைவரிடம் சொல்லுங்கள். அவர் கூடுதலாக உள்ளவரிடமிருந்து குறைவாக உள்ளவருக்குப் பகிர்வார். இயந்திரத் துப்பாக்கியோடு அதிகம் சுட்டவருக்குத்தான் பெரும்பாலும் தட்டுப்பாடு இருக்கும். இன்சாஸ் எல்எம்ஜியின் முப்பது ரவுண்டு மேகசினை இன்சாஸ் ரைபிளிலும் போட முடியும் என்பதால், பகிர்வில் இரண்டையும் சேர்த்தே கணக்கிடலாம்.

பயிற்சி

உண்மை ரவுண்டு இல்லாமலேயே இதில் பெரும்பகுதியைக் கற்கலாம். துப்பாக்கியை வெறுமையாக்கி, வேறொருவர் சேம்பரைப் பார்த்து உறுதி செய்த பிறகு, பயிற்சி ரவுண்டு நிரப்பிய மேகசின்களை வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் தரையில் மேகசினை விழவிடாதீர்கள். பாயோ மணலோ போதும், வாய் விளிம்பு காப்பாற்றப்படும். முதலில் கண்ணைத் திறந்து மெதுவாக, பிறகு கண்ணை மூடிக்கொண்டு. துணைவர் ஒருவர் உங்கள் பவுச்சுகளில் முழு, பாதி, காலி மூன்றையும் உங்களுக்குத் தெரியாமல் கலந்து வைக்கட்டும். தொட்டுப் பார்த்து எது எது என்று சொல்லிப் பழகுங்கள். நின்று செய்ய வந்த பிறகு மண்டியிட்டும், படுத்தும், மறைவின் பின்னால் ஒடுங்கியும் செய்யுங்கள். படுத்த நிலையில் பின் பவுச் உடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அப்போது சற்றே ஒருபக்கம் புரண்டு வைக்கவேண்டியிருக்கும் என்பது செய்து பார்க்கும்போதுதான் தெரியவரும். மழைக்கோட்டோடும், கையுறையோடும், முழுச் சுமையோடும் ஒருமுறையாவது செய்து பாருங்கள். பவுச் மூடியின் ஒட்டுப்பட்டை எழுப்பும் சத்தம் இரவில் எவ்வளவு தூரம் கேட்கிறது என்பதையும் கவனியுங்கள்.

டாக்டிகல் ரீலோட் பயிற்சி முடியும் நேரம்தான் எனக்கு எப்போதும் கவலை தரும். பலமுறை மேகசினைக் கழற்றி மாட்டிய கைக்கு, மேகசின் இல்லாத துப்பாக்கி காலித் துப்பாக்கி என்ற எண்ணம் வந்துவிடும். இந்த முறையில் சேம்பரில் எப்போதும் ஒரு ரவுண்டு இருக்கிறது. அது இருப்பதால்தான் மாற்றும் இடைவெளியிலும் ஒருமுறை சுட முடிகிறது. ஆகவே உண்மை ரவுண்டில் பயிற்சி முடிந்ததும் மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, சேம்பரில் இருந்த ரவுண்டு வெளியே வந்து விழுவதைக் கண்ணால் பார்த்து, சேம்பருக்குள் விரல் விட்டும் உறுதி செய்யுங்கள். பிறகு பின் பவுச்சையும் தொடைப் பையையும் காலி செய்யுங்கள். பாதி மேகசின் ஒன்று தொடைப் பையிலேயே தங்கி, உடையோடு விடுதி அறைக்குப் போய்ச் சேர்வது நடக்கக்கூடியது. களத்தை விட்டு வெளியேறும் முன் ஒவ்வொருவரும் தன் ஏழு மேகசின்களையும் எண் வரிசையில் தரையில் அடுக்கி, ரவுண்டுகளை எடுத்துவிட்டு, பயிற்சியாளர் எண்ணிய பிறகே எழுந்து போகட்டும்.